ஐந்து வருடப் பூச்சு

கொதிகலன் குழாய்களுக்குச் சுசித்ரா தெளித்துக் கொடுத்த உலோகப் பூச்சு ஐந்து வருடம் தாங்க வேண்டியது. எட்டே மாதத்தில் பொரிந்து உதிர்ந்துவிட்டது. இன்று மாலைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். பாலக்கோடு பக்கத்து மின் ஆலையில் அவள் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள்.

“குளோரின்தாண்ணா தின்னிருக்குது. வெறகோட பிளாஸ்டிக் ஏதாச்சும் போட்டீங்களா?”

“ஒரு பைப்புத் துண்டுகூட உள்ள போடலம்மா,” என்றார் அடுப்பைக் கவனிக்கும் கிருஷ்ணப்பன். “உங்க பூச்ச எம்புள்ளையாட்டம் பாத்துக்கிட்டேன்.”

“அப்புறம் அடுப்பு வாசல் பக்கத்துக் குழாய்ங்க மட்டும் ஏன் இப்பிடி ஆச்சு?”

“எல்லாம் கண்ணுதாங்க. புதுசுல தகதகன்னு மின்னுச்சு. வர்றவன் போறவனெல்லாம் எட்டி எட்டிப் பாத்தான். எனக்கு மனசு கேக்கல. அன்னிலருந்து செவ்வா, வெள்ளி தவறாம சுத்திப் போட்டுட்டுத்தான் இருக்கறேன்.”

“எதைப் போட்டீங்க?”

“கல்லுப்புதான். வூட்டுக்கே ஒரு கைப்புடி வேணும். இது எவ்ளோ பெரிய அடுப்பு! தடவைக்கு ஒரு மூட்டை.”

உப்பில் பாதிக்கு மேல் குளோரின். சுசித்ரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கவலப்படாதீங்கம்மா,” என்றார் அவர். “மறுபடி பூசிட்டுப் போங்க. இந்தத் தடவ ரெண்டு மூட்டையாப் போட்டுடறேன்.”