கீழ்ப்பாதி முதலில்

அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் இன்னாசிமுத்து. லேப் உதவியாளர் தவமணி. அவள்.

வாசற்படிக்கு வெளியே பெரியப்பா நல்லபெருமாள்.

வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

அவள் மறுபடி ரீசெட்டை அழுத்தினாள்.

மேசைமேல் மைக்ரோபிராசஸர் கிட். பச்சைப் பலகை, வரிசையாகப் பட்டன்கள், சிவப்பாக எரியும் சின்ன எண்கள். ஐந்தையும் மூன்றையும் கூட்டு. விடையை 8500 என்ற இடத்தில் போடு. அவ்வளவுதான் கேள்வி. அசெம்பிளி மொழியில் ஐந்தே வரி.

ஓடவிட்டாள். 8500-ஐத் திறந்து பார்த்தாள்.

37.

எட்டு இல்லை. முப்பத்தேழு.

தவமணி எட்டிப் பார்த்தார். "அஞ்சும் மூணும் முப்பத்தேழாம்மா? உங்க ஊர்ல கணக்கு தாராளமாத்தான் இருக்கு."

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். முதலிலிருந்து அடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் உரிய எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. விரல் வியர்த்துப் பட்டனில் வழுக்கியது. ஓடவிட்டாள். திறந்தாள்.

37.

பழைய குப்பை. முன்பு யாரோ விட்டுப்போன எண் அப்படியே கிடக்கிறது. அப்படியென்றால் எட்டு எங்கே போனது? எங்கோ போயிருக்கிறது. எங்கே?

இந்த ஒரு லேப்தான் அரியர். பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. கல்யாணப் பத்திரிகையிலோ அவள் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சாகி, சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. போடச் சொன்னவர் பெரியப்பா. ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு மேலவீடு என்று பெயர்; மேலவீட்டுப் பத்திரிகையில் பொய் இருக்க முடியாது. ஆகவே அது மெய்யாகியாக வேண்டும்.

வெளியே காலடிகள். செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கால் போனது, வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

காலடி நின்றது.

வேண்டாம் பெரியப்பா. இது ஒன்றையாவது நானே முடித்துக்கொள்கிறேன். வேண்டாம்.

"சார், ஒரு வார்த்தை."

இன்னாசிமுத்து நிமிர்ந்தார்.

"நமக்கு ஆலங்கிணறு. மேலவீடு. நான் நல்லபெருமாள். எந்தம்பி சிதம்பரவேலு. அவன் மவதான் இது. பாத்துச் செய்யுங்க."

"பரீட்சை நடக்குது. வெளிய நில்லுங்க."

"வெளியதான நிக்கேன்."

"இன்னும் தள்ளி நில்லுங்க."

பெரியப்பாவிடம் அப்படிப் பேசிய குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவர் பேங்குக்குள் நுழைந்தால் மேனேஜர் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பார்.

வெறுங்கால் பின்வாங்கியது.

அவளுக்குக் காது எரிந்தது. ஊர். வீடு. பெரியப்பா. அப்பா. கடைசியில் 'இது'. எப்போதும் இந்த வரிசைதான். பேச்சில், பத்திரிகையில், கார் சீட்டில். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும்.

விரல் பட்டன்மேல் நின்றது.

85. பிறகு 00.

அப்படித்தான் அடித்திருந்தாள், ஒவ்வொரு முறையும். அப்படித்தானே எழுதுவோம், படிப்போம். ஆனால் இந்தச் சிப்பிடம் 8500 என்ற முகவரியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கீழ்ப்பாதி முதலில். மேல்பாதி அதற்குப் பிறகு. படித்ததுதான். மனப்பாடமாகத் தெரிந்ததுதான். கைக்குத் தெரியவில்லை.

00 அடித்தாள்.

85 அடித்தாள்.

ஓடவிட்டாள். திறக்கப் பயமாக இருந்தது. திறந்தாள்.

08.

இன்னாசிமுத்து எழுந்து வந்தார். பார்த்தார். நம்பவில்லை.

"நம்பர மாத்துங்க. நாலும் ரெண்டும்."

மாற்றினாள்.

06.

"இவ்வளவு நேரம் என்ன தப்பு?"

"அட்ரஸ் சார். கீழ்ப்பாதிய முதல்ல குடுக்கணும். நான் மேல்பாதிய முதல்ல குடுத்துட்டேன்."

"ஏன் அப்படிக் குடுத்தீங்க?"

"வீட்டுப் பழக்கம் சார்."

தவமணிக்கு இருமல் வந்தது. இன்னாசிமுத்து சிரிக்கவில்லை. மார்க் தாளில் ஏதோ எழுதி, பேனாவை மூடினார்.

வெளியே பெரியப்பா எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை, அதை வாங்க வந்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன், இலை போட்டதிலிருந்து வாய் ஓயாதவர், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொண்ணு எப்படி பாஸாச்சுங்கீய? நம்ம மேலவீட்டு அண்ணாச்சி படியேறிப் போயி ஒத்த வார்த்த சொன்னாவ. வாத்தியாரு எந்திச்சு நின்னு மார்க்கு போட்டுட்டாரு!"

புகழ்ச்சிதான். வரிசை நெடுக ஆமாம் ஆமாம் என்றார்கள். அண்ணாச்சி இலைக்கு இன்னொரு அப்பளம் வை என்று யாரோ சொன்னார்கள்.

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தன்னைப் புகழ்ந்தவர்களைப் பெரியப்பா மறுத்துப் பேசி அவள் பார்த்ததில்லை.

அப்பளம் வந்தது. அவர் கையை நீட்டித் தடுத்தார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது.

"சொன்னேன். தள்ளி நில்லுன்னுட்டாரு. அது அவளாப் போட்ட கணக்கு."