எங்கள் வீட்டிலும் அதுதான்

"மாமா வாக்கிங் முடிச்சு வர்றதுக்குள்ள மாத்திடப் பார்க்கறீங்க. அப்படித்தானே?"

மனைவி கேட்டாள். அவன் ரிமோட்டும் கையுமாக டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். 'புதிய வெர்ஷன் தயார். அப்டேட் செய்யவா?' என்று திரையில் ஒரு கேள்வி நின்றது.

டிவி பாக்ஸில் படம் ஓட்டும் அந்தப் பிளேயரைத் தயாரிக்கிற கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. புது வெர்ஷன் சரியில்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். 'தயங்காமல் மாறுங்கள், எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது' என்று நாள் முழுக்க எழுதுவான். வீட்டுக்கு வந்து பழைய வெர்ஷனில் படம் பார்ப்பான். ஊருக்குத்தான் உபதேசம்.

எல்லாம் அப்பாவுக்காக. மில் இயந்திரங்களின் இரைச்சலில் காலம் முழுக்க உழைத்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதர். பழைய வெர்ஷனில் யார் என்ன பேசினாலும் அது கீழே எழுத்தாக ஓடும். அவர் டிவி பார்ப்பதில்லை, படிப்பார். செய்தியைப் படிப்பார், சினிமாவைப் படிப்பார். நகைச்சுவைக் காட்சி வந்தால், மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு நிதானமாகச் சிரிப்பார்.

புது வெர்ஷனில் அந்த வசதி கிடையாது. "அதைப் பயன்படுத்தறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். தூக்கிடுங்க, பிளேயர் சட்டுன்னு திறக்கும்" என்று மேனேஜர் மீட்டிங்கில் சொன்னபோது அவனும்தான் தலையாட்டினான்.

"ஒரு தடவை மாத்திட்டா திரும்ப முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முடியாது. பழசையெல்லாம் ஆபீஸ்லயும் அழிச்சாச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

"மேனேஜர் இப்ப வர்றார். பக்கத்து சீட்டுக்காரன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, அவர் வீட்லயே பழசுதான் சார்னு போட்டுக் கொடுத்துட்டான். நேத்து கூப்பிட்டு, வீட்டுக்கே வர்றேன், ஆபீஸ்ல பேசற விஷயம் இல்லைங்கறார். ஆள் குறைக்கறாங்கன்னு பேச்சு. என்னை வெளியே தள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?"

"உள்ளதைச் சொல்லுங்களேன். அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு."

"சொன்னா? ஊரையெல்லாம் மாத்தச் சொல்லி எழுதினது யாருன்னு கேப்பார். வேலை போனா அடுப்புல என்ன வைப்பே நீ?"

"மாமாவுக்கு இருக்கற ஒரே பேச்சுத் துணைங்க அது."

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினான். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். மேனேஜரின் கார்தான்.

பட்டனை அழுத்தினான். திரையில் வட்டம் சுற்றியது. அது நிற்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மனைவி அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

முதலில் அப்பாதான் வந்தார்; மேனேஜர் இன்னும் காரிலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, செய்தியை வைத்தார். செய்தி வாசிக்கிற பெண்ணின் உதடுகள் அசைந்தன. அப்பா திரையின் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுத்து வரலையேப்பா" என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் உரத்த குரலில்.

அவன் பாக்ஸைக் காட்டி, ரிப்பேர் என்று கையை விரித்தான்.

"உன் கைக்கு வராத ரிப்பேரா? மெதுவாப் பாரு, ஒண்ணும் அவசரமில்ல."

அவன் பாக்ஸைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். அதற்குள் காலிங் பெல் அடித்தது.

மேனேஜர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். அவர் கண் நேராக டிவிக்குப் போனது. அவன் முந்திக்கொண்டான்.

"புது வெர்ஷன்தான் சார். எங்க வீட்லயும் அதுதான்."

"பழசுதான் இருக்குன்னு சொன்னாங்களே?"

"வேண்டாதவங்க யாரோ கிளப்பி விட்டிருக்காங்க சார். வந்த அன்னைக்கே மாத்திட்டேன். நீங்களே பாருங்க."

ரிமோட்டை நீட்டினான். மேனேஜர் அதை வாங்கவில்லை. அவர் முகம் மலரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அது வாடிப்போனது ஏன் என்று புரியாமல் மேலும் பயந்தான்.

மேனேஜர் இப்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் திரையின் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குக் காது கேக்காதா?"

"ஆமா சார்."

"இதுல எழுத்து வராதே. எப்படிப் பார்க்கறார்?"

"பழகிட்டார் சார்."

பெற்ற அப்பாவை வைத்துக்கொண்டே இப்படி ஒரு பொய் தன் வாயிலிருந்து வரும் என்று அவன் நினைத்ததில்லை. ஆனாலும் வேலை தப்பியது என்று மூச்சு விட்டான்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். அதை விரலில் உருட்டினார்.

"என் பொண்ணு பழகலை" என்றார். "அவளுக்குப் பிறவியிலேயே கேக்காது. படம் எப்படிப் பார்க்கறான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. புதுசு வந்ததிலேர்ந்து டிவி பக்கமே அவ போறதில்லை. உங்க வீட்ல மட்டும் பழசு இருக்குன்னாங்க. கெஞ்சியாவது ஒரு காப்பி வாங்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."