காலி மனை

"இதாங்க உங்க காலி மனை" என்று சர்வேயர் காட்டிய இடத்தில் ஒரு வீடு நின்றது.

சும்மா நிற்கவில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து தாளிக்கும் வாசனை வந்து மூக்கைத் துளைத்தது.

மனையைப் பெற்றுக்கொள்ள மனைவியோடு வந்திருந்த பூட்டு ரிப்பேர்காரர் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலி மனையில் யார் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுவார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

மேம்பாலத்துக்காக அவர் வீட்டை இடித்த அரசாங்கம், மாற்று நிலம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. இடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கொடுக்கத்தான் வருஷக்கணக்கில் ஆனது. அதுவரை அவரும் மனைவியும் மச்சினன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடித்தனம் நடத்தினார்கள். "எப்போ கிளம்புவீங்க?" என்று மச்சினன் பெண்டாட்டி வாய்விட்டுக் கேட்டதில்லை. பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், அவ்வளவுதான்.

இன்று கையெழுத்துப் போடாவிட்டால் மனை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ஆள் இருக்காங்களே சார்" என்றார் தயங்கியபடி.

"இருந்தா என்ன, காலி பண்ணிடலாம். உங்க இடத்தையும் காலி மனைன்னுதான் எழுதினோம். அன்னிக்கு நீங்க உள்ளதானே இருந்தீங்க? உங்களுக்குக் குடுத்த மாதிரி இவங்களுக்கும் மாற்று நிலம் வரும்."

சர்வேயர் பொய் சொல்லவில்லை. அன்று ரிப்பேர்காரர் உள்ளேதான் இருந்தார், தலை நிறைய சோப்பு நுரையோடு.

கதவு திறந்தது. ஈரக்கையைத் துடைத்தபடி வந்த பெண், சர்வேயரின் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

ரிப்பேர்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். வீடு இடிபட்ட அன்று தெருவில் விழுந்து புரண்டு அழுதவள் அவள். அதிகாரிகளின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து மண்ணை வாரித் தூற்றியவள். இந்த அநியாயத்தை அவள் பொறுக்கமாட்டாள், சர்வேயர் இன்றைக்குத் தொலைந்தார் என்று நினைத்தார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. தான் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் தோளில் ஆதரவாகக் கை வைத்தாள். நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தெரிந்த அடுக்களையை ஒரு கணம் எட்டிப் பார்த்தாள்.

"அந்த அலமாரி சுவரோட சேர்த்துக் கட்டினதாம்மா, இல்ல கழட்டி எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"