யார் வீட்டுப் பனி?

"இன்னைக்கும் விடியறதுக்குள்ள அந்தப் பனி தள்ற மிஷினைக் கிளப்பிட்டான் கார்னி. நான் தூங்கக் கூடாது, அதான் அவனுக்கு வேணும்!"

ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த லரிசா, கணவன் ஓரெஸ்டின் புலம்பலைக் கேட்டுக்கொண்டே ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

பக்கத்து வீட்டு கார்னி ரெய்மரோடு ஓரெஸ்டுக்குப் போன மார்ச்சிலிருந்து பேச்சில்லை. கர்லிங் இறுதி ஆட்டம், இருவரும் ஒரே அணி. கார்னி தள்ளிவிட்ட கடைசிக் கல் பனித்தரையில் வழுக்கி வர, அது இன்னும் தூரம் போக, முன்னால் ஓடித் துடைப்பத்தால் பெருக்கிக் கொடுக்க வேண்டியவர் ஓரெஸ்ட். கல் இலக்குக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டது; ஆட்டம் போச்சு.

"நீ லேட்டா பெருக்கினே" என்றார் கார்னி.

"நீ மெதுவா தள்ளினே" என்றார் இவர்.

பல வருஷ நட்பும் அந்தக் கல் நின்ற இடத்திலேயே நின்றுபோனது.

சாப்பிட்டுவிட்டு காரேஜுக்குப் போன ஓரெஸ்ட் அங்கிருந்தே அலறினார்.

"லரிசா! கேஸ் ஹீட்டர் நின்னுபோச்சு!"

வெளியே மைனஸ் முப்பது. காரேஜ் மேசையில் ஓரெஸ்ட் செய்துகொண்டிருந்த மரத்தொட்டில். வியாழக்கிழமை மகள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். முதல் பேத்தி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஓரெஸ்ட் சட்டங்களுக்குப் பசை தடவி, மேசையோடு சேர்த்து இறுக்கிவிட்டு வந்திருந்தார். குளிர் ஏறினால் அந்தப் பசை பிடிக்காது. சுண்ணாம்பாக உதிர்ந்துவிடும்.

"வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துடேன்."

"இறுக்கினதைக் கழட்டினா மூட்டெல்லாம் பிரிஞ்சுடும்."

"ரிப்பேர்காரரைக் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. ஊர் பூரா ஹீட்டர் மக்கர் பண்ணுதாம். நாளைக்குத்தான் வருவாராம்."

ஓரெஸ்ட் ஸ்டூலில் ஏறினார். ஹீட்டர் கூரையிலிருந்து தொங்கியது.

"முதுகு ஆபரேஷன் ஆன மனுஷனாப்பா நீ? டாக்டர் என்ன சொன்னார்?"

"குனியாதேன்னார். ஏறாதேன்னு சொல்லலை."

கேஸ் வால்வு திறந்துதான் இருந்தது. தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்தார். உள்ளே சின்ன விசிறி சுற்றியது. அதோடு சரி. ஒரு பொறிகூட வரவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. கடுப்பில் ஹீட்டரின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார்.

"இப்படித் தட்டினா நானும்தான் வேலை செய்ய மாட்டேன்" என்றாள் லரிசா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் கழற்றிக் கொடுத்த மூடியின் உட்புறத்தைப் படித்தாள். "மூணு சிமிட்டு சிமிட்டினா, புகை போற குழாயில அடைப்பாம். புகை திரும்பி உள்ள வந்துடக் கூடாதுன்னு அதுவே பத்திக்காம நிக்குது. உன்னைவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி."

வெளியே போய்ப் பார்த்தார்கள். காரேஜ் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயையே காணோம். அந்த உயரத்துக்குப் பனிக்குவியல். தானாக விழுந்த பனி இல்லை, மிஷின் வாரி இறைத்த பனி.

"இந்தத் தெருவுலயே மிஷின் வெச்சிருக்கவன் அவன் ஒருத்தன்தான்!"

லரிசா தடுப்பதற்குள் ஓரெஸ்ட் பக்கத்து வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் கார்னி! ஆட்டத்துல தோத்த கோவத்தை என் பேத்தி தொட்டில் மேல காட்டறியா? உன் பனிக்கு என் குழாய்தான் கிடைச்சுதா? புகை உள்ள திரும்பியிருந்தா ரெண்டு பேரும் பொணமாயிருப்போம்!"

கார்னியின் முகம் வெளுத்துவிட்டது.

"குழாயா? அங்கயா இருக்கு? நான்... இருட்டுல பார்க்கலை ஓரெஸ்ட்."

"இனிமே ஒரு கைப்பிடி பனி அங்க விழக் கூடாது!"

"விழாது."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

லரிசாதான் குவியலை வாரி, குழாய் வாயைத் திறந்துவிட்டாள். ஹீட்டர் 'புஸ்' என்று நீலமாய்ப் பற்றியது. ஓரெஸ்ட் தொட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பார்த்தியா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தப்பு அவனோடதுதான்!"

அன்று ராத்திரியும் பனி கொட்டியது. ஆனால் காலையில் மிஷின் சத்தமே இல்லை. 'அது!' என்று மீசையைத் தடவிக்கொண்டார் ஓரெஸ்ட்.

வேலை முடிந்து வந்த லரிசா, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஓரெஸ்ட், இன்னைக்குப் பாதையில பனி அப்படியே கிடக்கு. தினம் நான் வர்றதுக்குள்ள நம்ம காரேஜ் பக்கத்துப் பாதையில பனி தள்ளி வெக்கறது யாரு?"

"நீதான். உள்ள வர்றப்போ தள்ளிட்டு வர்றே."

"நானா? நான் நீன்னுல்ல நெனச்சேன்! முதுகு வலியோட எனக்காகப் பண்றியேன்னுதான் வாரா வாரம் முட்டைக்கோஸ் சுருள் செஞ்சு போட்டேன்."

"அடிப்பாவி! நான் நீன்னு நெனச்சுத்தானே இந்தக் குளிர்காலம் பூரா பாத்திரம் கழுவறேன்!"

வெளியே 'சரக்... சரக்...' என்று ஏதோ சுரண்டும் சத்தம். லரிசா ஜன்னல் திரையை விலக்கினாள்.

அவர்கள் வீட்டுப் பாதையில் கார்னி. மிஷின் இல்லை, கையில் பனி வாரும் ஷவல் மட்டும். ஒவ்வொரு வாரல் பனியையும் குழாய்ப் பக்கம் போடாமல், சுமந்துகொண்டு போய்த் தன் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஓரெஸ்ட் பூட்ஸை மாட்டினார். கதவுக்குப் பின்னால் மார்ச்சிலிருந்து சாத்தியே கிடந்த கர்லிங் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குனியாமல், நின்றவாக்கிலேயே பாதையின் மறுமுனையிலிருந்து பெருக்க ஆரம்பித்தார்.

கார்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்பவும் லேட்டாத்தான் பெருக்க வர்றே."