வைக்கோல் கன்று

கன்று செத்த மறுநாள், மாசிலாமணி அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்தினான். பசு அதை நக்கியது. பால் இறங்கியது.

"இந்த மாட்டு ஜென்மத்துக்கு மூளையே கிடையாது. வைக்கோலைப் போய்ப் பிள்ளைன்னு நக்குது பாரு!" என்று சிரித்தபடி பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

"என்னை மோந்து பாத்துமா தெரியலை?" என்று கேட்டது வைக்கோல் கன்று.

"தெரியாம என்ன?" என்றது பசு. "ஆனா நாக்கு பட்டதும் உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. மாட்டு டாக்டர் அதுக்கு என்னமோ ஹார்மோன்னு பேர் சொன்னார். அது ஊறிடுச்சுன்னா வெறும் தோலும் பிள்ளைதான்."

மத்தியானம் பால் கேன் காலியாகத் தொழுவத்துக்குத் திரும்பியது. வரும்போதே அதற்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தியேட்டர் வாசல்ல ஒரு நடிகரோட கட்அவுட், பனைமர உசரம். உன் பால் மொத்தத்தையும் மாசிலாமணி அது தலையில ஊத்திட்டான். பக்கத்துல நின்னவன் யாருன்னே தெரியாது, அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, 'தலைவா, தலைவா'ன்னு தேம்பித் தேம்பி அழறான்!"

"அவனுக்கும் ஊறிடுச்சு போல," என்றது வைக்கோல் கன்று.

பசு அசைபோடுவதை நிறுத்தியது. "அந்தக் கட்அவுட்டுக்குள்ள வைக்கோலாவது இருந்துச்சா?"

"எங்க? வெறும் பலகை. பின்னால சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்திருந்தாங்க."

"ஐயோ பாவம். அவன் பிள்ளை எப்போ செத்துச்சு?"

"சாகலையே," என்றது கேன். "வீட்டுல பாலுக்கு அழுதுக்கிட்டு இருக்கு."