ஆள்காட்டி தொடுத்த வழக்கு

ஏரிக்கரையில் காவல் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. வேற்று நிழல் ஒன்று விழுந்தால் போதும், கத்தி ஊரையே கூட்டிவிடும். அதற்காகத்தான் ஏரித் தலைவர் கூழைக்கடா அதை வேலைக்கு வைத்திருந்தார்.

ஒருநாள், குஞ்சு மீன்கள் வளரும் மடுவில், யாரும் இறங்கக் கூடாது என்று தலைவரே தடை போட்ட இடத்தில், அவருடைய மருமகன் வாயை நிரப்பிக்கொண்டிருந்தான். ஆள்காட்டி வழக்கம்போலக் கத்தியது. ஏரி முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலையில் தலைவரின் ஆணை வந்தது: "உனக்கு வேலையும் இல்லை, கரையும் இல்லை. கிளம்பு."

ஆள்காட்டியின் முட்டைகள் கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்தன. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே பறப்பது? அது நேராக எருமையிடம் போய் முறையிட்டது. அந்த ஏரியில் வழக்கு என்றால் எருமை வைத்ததுதான் தீர்ப்பு, தலைவருக்கும் சேர்த்து.

எருமை கூழைக்கடாவைக் கூப்பிட்டது. "அனுப்பறதுக்கு முன்னாடி இவளை விசாரிச்சீங்களா?"

"விசாரிக்க என்ன இருக்கு? வெளியாளைப் பாத்துக் கத்தத்தான் வேலை குடுத்தேன். நம்ம ஆளைப் பாத்துக் கத்தினா? ஊருக்கே கேட்டுச்சே."

"கத்தினது கேட்டுச்சு, சரி. இவ என்ன சொன்னான்னு யாராவது கேட்டீங்களா?"

கூழைக்கடா இறகைக் கோதிக்கொண்டார்.

"விசாரணை முடியற வரைக்கும் இவ கரையிலதான் இருப்பா," என்ற எருமை, அசைபோடுவதை நிறுத்தியது. அது நிறுத்தி அங்கே யாரும் பார்த்ததில்லை. "நீ சொல்லும்மா."

கத்தியே பழகிய ஆள்காட்டி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, மெல்லிய குரலில் பேசத் தொடங்கியது.