அம்மா விரும்பிக் கேட்ட பாடல்

மாலை வகுப்பு முடிந்து ஏழே காலுக்கு வீடு திரும்பினேன். கால்கள் கெஞ்சின. அம்மாவும் அப்பாவும் பேசாமலிருப்பது இன்றோடு பதினோராவது நாள்.

அடுக்களையில் அம்மா மெல்லச் சொன்னாள். “எஃப்.எம்.முக்குப் போன் போட்டு, உங்கப்பாவுக்காக அவருக்குப் பிடிச்ச பாட்டப் போடச் சொன்னேன்டி. மன்னிப்பும் கேட்டேன். முழுசா ஓடுச்சு. மனுசன் அசையலையே!”

இப்போதெல்லாம் எஃப்.எம். என்பது அவரவர் போனில் ஏ.ஐ. ஆளுக்கொன்றாக நடத்துவது. அம்மாவின் எஃப்.எம். அம்மாவுக்கு மட்டும்தான் ஒலிக்கும், அப்பாவுடையது அப்பாவுக்கு. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். மூன்று முறை அவளுக்கு விளக்கியிருக்கிறேன். சரியாக விளக்கவில்லையோ என்னவோ.

கூடத்தில் அப்பாவின் காதிலிருந்து இயர்போனை எடுத்தேன். செய்வது சரிதானா என்று தெரியவில்லை. அறிவிப்பாளர் குரலில் சொன்னேன்: “அடுத்த பாடல், பழங்காநத்தம் மங்கையர்க்கரசி தன் கணவர் பரமானந்தத்துக்காகக் கேட்டது. அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்கிறார்.”

அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

“சரி, பாட்டு எங்கத்தா?”

எனக்குப் பாட வராது. ஆனாலும் பாடினேன். இரண்டாவது வரியில் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

“பாட்டக் கொல்லாதடி, தள்ளு” என்று தானே பாடத் தொடங்கினாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.